சொல்லடி பட்ட மனதுக்குத் தெரபி: நான் போன வழி

பதினோரு வருஷக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. யாரிடமாவது வாய் திறந்தால் வரிசையாகக் கேட்பார்கள். அடிச்சாரா? இல்லை. குடிப்பாரா? இல்லை. வேற பொண்ணு கிண்ணு? இல்லை. "அப்புறம் என்ன கண்ணு, நல்ல மனுஷன்தானே?" இந்த நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமலேயே எனக்குப் பல வருஷம் போய்விட்டது. அதே கேள்வியில் நின்றுபோனவர் நீங்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது. தெரபிக்கு எப்படிப் போவது, அங்கே என்ன நடக்கும், வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். கூலிக்குச் செய்கிறவர்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம். கொலுசாகித் திரும்பி வரும்போது மறுபடி எடை. போன வெள்ளி, வந்த கொலுசு, சேதாரம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அரை கிராம் உதைத்தாலும் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். அதே நான் வீட்டுப் படி ஏறினால் கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பேன். வீட்டுச் செலவுக்கு அவர் 3,000 ரூபாய் கொடுப்பார். பத்து நாள் கழித்து, "அஞ்சாயிரம் கொடுத்தேனே, ரெண்டாயிரம் எங்க?" என்று குரலே உயர்த்தாமல் கேட்பார். முதல் வருஷம் சண்டை போட்டேன். மூன்றாவது வருஷம் பீரோவில் தேடிப் பார்த்தேன். ஆறாவது வருஷம் மன்னிப்புக் கேட்டேன்.

ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கு ஒன்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் நடுவில் என்னைப் போலவே பேசிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ராத்திரி, "பையனைக் கூட்டிட்டுப் போயிட்டா உன்னால என்ன பண்ண முடியும்?" என்பார். மறுநாள் கேட்டால், "நான் எப்பச் சொன்னேன்? உனக்கு மறதி, கண்டதையும் கற்பனை பண்ணிக்கிற" என்பார்.

இதற்குப் பெயர் இருக்கிறது

பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பதை மட்டும் அது வன்முறை என்று சொல்லவில்லை. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைப்பது, குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திக் காட்டுவது, உங்களுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது, எல்லாம் அதில் இருக்கின்றன. செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் படித்த அன்று பட்டறையில் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. நாம் அனுபவித்ததை யாரோ முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் கத்துவதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. எல்லா வீட்டிலும் சண்டை உண்டு. சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் பழையபடி பேச முடிகிறதா, உங்களுக்குப் பயமில்லாமல் மறுத்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒருவர் மட்டுமே எப்போதும் மன்னிப்புக் கேட்கிற வீடு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் வயிறு இறுகுகிற வீடு, அது வேறு.

போவதற்கு முன்னால்

வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. எனக்குச் சரிப்பட்ட தெரபிஸ்டிடம் போனபோது முதல் ஐந்து மாதம் நான் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தோடு ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுப் போய் வந்தேன். முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியும். போனில் அப்பாயின்ட்மென்ட் செய்தி வந்தால் உடனே அழித்துவிடுவேன். உங்கள் போனின் பூட்டு அவருக்குத் தெரியும் என்றால் கிளினிக்குக்கு நம்பிக்கையான வேறொருவர் நம்பரைக் கொடுங்கள். சீட்டு, மாத்திரை அட்டை, பில் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அடி விழும் என்றோ, உயிருக்கு ஆபத்து என்றோ தோன்றினால் தெரபியெல்லாம் அப்புறம்; முதலில் 112. பெண்களுக்கான உதவி எண் 181, பகல் இரவு எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டந்தோறும் சகி என்று சொல்லப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஐந்து நாள் வரை தங்க இடம், மருத்துவம், போலீஸ், வக்கீல், கவுன்சிலிங் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் ஏற்பாடு செய்து தருவார்கள். 181-இல் கேட்டாலே வழி சொல்வார்கள்.

யாரிடம் போவது

இதில்தான் நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். முதலில் போனது, தெரிந்தவர் ஒருவர் சொன்ன கவுன்சிலரிடம். இருபது நிமிஷம் கேட்டுவிட்டு, "ஆம்பளைங்க அப்படித்தாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. அடுத்த தடவை சாரையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்" என்றார். நானும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அவர் அவ்வளவு பணிவாகப் பேசினார். நான் அழுதுகொண்டே சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அன்று ராத்திரியே வீட்டில் என்மேல் திரும்பி வந்தது. "டாக்டரம்மா முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினேல்ல" என்று இரண்டு மாதம்.

அதனால் கெட்டியாகச் சொல்கிறேன். வீட்டில் பயம் இருக்கிற வரைக்கும் ஜோடியாக உட்காரும் கவுன்சிலிங் வேண்டாம். தனியாகப் போங்கள். விவரம் தெரிந்த தெரபிஸ்ட் யாரும் முதல் நாளிலேயே அவரைக் கூட்டி வரச் சொல்ல மாட்டார்.

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை தர மாட்டார். பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கவுன்சிலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

காசு இல்லை என்று நின்றுவிட வேண்டாம். நம் ஜி.எச்.சில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் வட்ட மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் முறைவைத்து வருவார். எந்தக் கிழமை என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். வெளியே போகவே வழி இல்லாதவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண். டெலிமானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். நான் முதன்முதலில் முழுக்கதையையும் சொன்னது அந்த எண்ணில்தான், பட்டறை மாடிப்படியில் உட்கார்ந்து. அந்தப் பக்கம் பேசிய பெண் ஒரு இடத்தில்கூட "அவர் நல்லவர்தானே" என்று சொல்லவில்லை.

அப்புறம் ஒரு தனியார் கிளினிக்கில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். ஒரு சிட்டிங் 700 ரூபாய், ஐம்பது நிமிஷம், வாரம் ஒருமுறை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் இரண்டு மூன்று சிட்டிங்கிலேயே தெரிந்துவிடும் இவர் நமக்குச் சரிப்படுவாரா என்று. நீங்கள் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறாரா, உங்கள் தப்பைத் தேடுகிறாரா, சாமி கும்பிடச் சொல்லி அனுப்புகிறாரா, விவாகரத்து வாங்கு என்று அவசரப்படுத்துகிறாரா? வேறு ஆளைப் பாருங்கள். ஆளை மாற்றுவதால் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

முதல் நாள்

அறைக்குள் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன சோபாவும் இருந்தன. "நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எது வசதியோ அதுல" என்றார். எனக்கு எது வசதி என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதைப் பற்றியே அன்று பாதி நேரம் பேசினோம்.

ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுப்பார்கள். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27; எண் கூடினால் மனச்சோர்வு கூட என்று அர்த்தம். எனக்கு 17 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. அதில் பொய் சொல்லாதீர்கள். நான் 'சில நாள்' என்று எழுதினேன். அவர் பதறவில்லை, எப்போது, எப்படி என்று நிதானமாகக் கேட்டார். அந்த நினைப்பு வந்தால் யாருக்குப் போன் செய்வேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். உங்களுக்கு இப்போதே அந்த நினைப்பு இருந்தால் சிட்டிங் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 14416, அல்லது 104, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

பேசியது வெளியே போகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே அதை உரிமையாகத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்ற மாதிரி சில சமயத்தில் மட்டும் விலக்கு உண்டு. எந்தெந்தச் சமயம் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. இந்த மாதிரிச் சிகிச்சையை மூன்று கட்டமாகப் பிரிப்பது வழக்கம். முதலில் பாதுகாப்பும் தூக்கமும் உடம்பும். அப்புறம்தான் நடந்ததைச் சொல்லி அழுவது. கடைசியில் வேலை, உறவு, ஊர் என்று மறுபடி கலப்பது. நான் முதல் வாரமே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று துடித்தேன். அவர்தான் நிறுத்தி, "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் என்றேன். தெரபி அங்கேயிருந்துதான் தொடங்கியது. மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினார். மாத்திரை எழுதிக் கொடுத்தவர், இது வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அதுவரை வயிற்றைப் புரட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். அப்படியேதான் நடந்தது. மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதில்லை. வேண்டும் என்றால் வெட்கப்படவும் வேண்டியதில்லை.

நோட்டு

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் வேலையைக் கேட்டுவிட்டு தெரபிஸ்ட், "பட்டறைல எப்படிக் கணக்கு எழுதுவீங்க?" என்றார். போனது, வந்தது, சேதாரம் என்றேன். "வீட்டுக்கும் அப்படி ஒரு நோட்டுப் போடலாமா?" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, மணி, சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், என் உடம்பில் என்ன நடந்தது, என் மனதில் என்ன வாக்கியம் ஓடியது. அவ்வளவுதான். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதக் கூடாது, என்ன பேசினார் என்று எழுத வேண்டும். "3,000 கொடுத்தார், 7-ஆம் தேதி, காலை எட்டு மணி, ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு" என்று எழுதினேன். 18-ஆம் தேதி அவர் "அஞ்சாயிரம்" என்றபோது அதையும் கீழே எழுதினேன். அவரிடம் நோட்டைக் காட்டவில்லை, காட்டவே கூடாது. மறுநாள் பட்டறையில் அந்த இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். எனக்கு மறதி இல்லை. அன்று பாத்ரூமுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நாலு வாரம் எழுதியதும் இன்னொன்று தெரிந்தது. அவர் மௌனமாவது எப்போதும் நான் அம்மாப்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிற வாரத்தில்தான். என் சம்பள நாளுக்கு முந்தின நாள் ஒரு சண்டை. ரசம், உப்பு, கேஸ் எல்லாம் சாக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதுதான். பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

நோட்டை வீட்டில் வைக்காதீர்கள். என்னுடையது பட்டறையில் கணக்குப் புத்தகங்களோடு இருந்தது. அலுவலக டிராயர், அக்கா வீடு, எங்காவது இருக்கட்டும். போனில் எழுதுவதாக இருந்தால் அந்தப் போன் உங்கள் கையை விட்டுப் போகாததாக இருக்க வேண்டும். பின்னால் சட்டப்படி போக நேர்ந்தாலும் தேதி போட்ட குறிப்பு உதவும்.

கடைசி வரியில் எழுதுகிற அந்த வாக்கியத்தை வைத்துத்தான் சிட்டிங்கில் வேலை. என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தது "எனக்கு ஒண்ணும் தெரியாது". அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இரண்டு பத்தியாக எழுதச் சொன்னார். முதல் பத்தியில் நான் எழுதிய ஏழும் என் வீட்டுக்காரர் சொன்னவை. ஒன்றுகூட நடந்த சம்பவம் இல்லை. இரண்டாவது பத்தியில் பட்டறை இருந்தது, பையனின் பள்ளிக்கூடம் இருந்தது, அப்பா இறந்தபோது காரியம் முழுவதையும் கணக்குப் பார்த்து நடத்தியது இருந்தது. "இந்த வாக்கியத்தை மனசுக்குள்ள யார் குரல்ல கேக்குறீங்க?" என்றார். கவனித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'ச்சு' சத்தமும் சேர்ந்து வந்தது. அது என் வீட்டுக்காரருடைய 'ச்சு'.

உடம்பு

மனதுக்குப் புரிந்த பிறகும் உடம்புக்குப் புரிய நாளாகும். ஏழரை மணிக்கு பைக் சத்தம் கேட்டால் எனக்குக் கை சில்லிட்டுவிடும். ஆபத்து வருகிறது என்று மூளை அடிக்கிற மணி அது. வருஷக்கணக்கில் பழகிவிட்டதால் பக்கத்து வீட்டு பைக்குக்கும் அடிக்கும். அந்த நேரத்தில் யோசித்துச் சமாளிக்க முடியாது. மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு ஏழு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்புறம் கண்ணில் படுகிற ஐந்து, தொட முடிகிற நாலு, காதில் கேட்கிற மூன்று, மூக்குக்குத் தெரிகிற இரண்டு, நாக்கில் ருசி ஒன்று என்று மனதுக்குள் சொல்லுங்கள். எனக்கு இத்தனை வரிசை ஞாபகம் இருக்காது. அதனால் புடவை முந்தியில் ஒற்றைக் கொலுசு ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டேன். சலங்கையை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவேன். இருபதைத் தாண்டும்போது கை சூடாகிவிடும். பயம் இல்லாத நேரத்திலும் தினமும் இரண்டு வேளை பழகுங்கள், அப்போதுதான் வேண்டிய நேரத்தில் வரும்.

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் முன்னைவிட மோசமாக இருந்தது. கெட்ட கனவு, எதற்கெடுத்தாலும் அழுகை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பலர் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தாமல், "மோசமாகிறது" என்று தெரபிஸ்டிடமே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

ஏற்காட்டுக்கு ஒரு டிக்கெட்

நாலாவது மாதம் தெரபிஸ்ட் ஒரு வேலை கொடுத்தார். யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்து ஒரு நாள் எங்காவது போய்வாருங்கள் என்று. சேலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், தனியாக ஏற்காடு போனதில்லை. ஒரு புதன்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கும், மொத்தம் 20, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஏழாவது வளைவில் நெஞ்சு படபடத்தது. அவர் பட்டறைக்குப் போன் செய்தால்? பையனுக்கு ஏதாவது ஆனால்? இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட நினைத்தேன். கொலுசை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது 12-ஆவது பலகை போய்க்கொண்டிருந்தது. மார்ச் கடைசி, முதல் மழைக்குக் காப்பி பூத்திருந்தது. மல்லிகை மாதிரி ஒரு வாசம், ஜன்னலுக்குள் வந்துகொண்டே இருந்தது. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும் அந்தப் பூ.

ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை. "வாழைக்காயா, மிளகாயா?" என்றார் கடைக்காரர். நின்றேன். கிளினிக்கில் நாற்காலிக்கு முன்னால் நின்ற மாதிரியே. அப்புறம் "மிளகாய்" என்றேன். நல்ல காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான்தான் சொன்னேன்ல" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. முழுவதையும் சாப்பிட்டேன். மூன்று மணிக்கெல்லாம் கீழே இறங்கி, பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நின்றேன். ராத்திரி அவர் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியவும் இல்லை. உங்களுக்கு ஏற்காடு தூரம் என்றால் கோட்டை மாரியம்மன் கோயில் வரைக்கும் போங்கள், கடைவீதியில் ஒரு துணி நீங்களே பார்த்து வாங்குங்கள். முடிவெடுக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும்.

வீட்டாரிடம் சொல்வது

பெயர் சொல்லிப் புரியவைக்க முடியாது. 'மனரீதியான வன்முறை' என்று அம்மாவிடம் சொன்னால், "அடிக்கலையே கண்ணு" என்றுதான் வரும். ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நான் நோட்டை எடுத்துப்போய் இரண்டு பக்கம் படித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காப்பி போட எழுந்து போனார். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் போன் செய்தால் நான் எப்போது வந்தேன், எப்போது போனேன் என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கிறவர் அம்மா. அந்த வாரம் போன் வந்தபோது, "அவகிட்டயே கேட்டுக்குங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

அவரிடம் பேச வேண்டிய வாக்கியங்களை சிட்டிங்கில் ஒத்திகை பார்த்தோம். தெரபிஸ்ட் மேடம் என் வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்து பேசுவார், நான் பதில் சொல்வேன். "இதைப் பத்தி இப்பப் பேச மாட்டேன். நாளைக்குக் காலைல பேசலாம்." இவ்வளவுதான் வாக்கியம். காரணம் சொல்லக் கூடாது, விளக்கம் கூடாது. சொல்ல ஆரம்பித்ததும் முதலில் அவர் வேகம் கூடியது. அப்படித்தான் ஆகும் என்று மேடம் முன்பே எச்சரித்திருந்தார். கை ஓங்குகிற மனிதராக இருந்தால் இந்த ஒத்திகையை வீட்டில் முயலவே வேண்டாம், வெளியேறும் வழியை மட்டும் பாருங்கள்.

இருப்பதா, போவதா? அதைத் தெரபிஸ்ட் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நான் இரண்டாவது வருஷம் பையனோடு அம்மாப்பேட்டைக்கு வந்துவிட்டேன். அதற்கு முன்னால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தேன். 2005 சட்டப்படி மனு போட உதவுவது அவர்கள் வேலை. அதே வீட்டிலேயே இருக்கிற உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எல்லாரும் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, உதவி எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். கணவரிடம் மட்டுமில்லை, அப்பா, அண்ணன் கையால் இப்படி வாழும் பெண்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு. ஆண்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் 14416-உம் தெரபியும் அவர்களுக்கும்தான். எங்கள் பட்டறையிலேயே ஒரு தம்பி போய்க்கொண்டிருக்கிறான்.

பிரிந்து வந்த பிறகு எனக்கு அவர் நினைப்பு வந்தது. ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ஜோடி ஜோடியாக நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி நானே அவருக்குப் போன் செய்தேன். அவர் அன்பாகப் பேசினார். மூன்றாவது நாளே, "நீதானே விட்டுட்டுப் போன" என்று பழைய குரல். வெட்கத்தில் அடுத்த சிட்டிங்குக்குப் போகாமல் இருந்துவிட்டேன். மேடம் கூப்பிட்டு, வாங்க என்றார். திட்டவில்லை. பதினோரு வருஷம் ஒருவரோடு வாழ்ந்தால் நல்ல நாளும் இருக்கும், அதற்காக அழுவதும் துக்கம்தான் என்றார். உங்களுக்கும் அப்படி நடந்தால் மறைக்காமல் போய்ச் சொல்லுங்கள், நோட்டிலும் எழுதுங்கள்.

வாரம் ஒருமுறை என்பது ஏழாவது மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது, அப்புறம் மாதம் ஒன்று. இப்போது வேண்டியபோது மட்டும் போகிறேன். அந்த ஒன்பது கேள்வித் தாளில் கடைசியாக வந்தது 4.

நீங்கள் முதல் தடவை போகும்போது ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையின் பெயர், தூக்கம் எத்தனை மணி நேரம், சமீபத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவம், இவ்வளவும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போனால் வாய் அடைத்துப்போகும். சிட்டிங் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்திருக்கும், முகம் கழுவ வேண்டியிருக்கும். நான் தெருமுனையில் தட்டுவடை செட் போடும் அக்கா கடையில் நிற்பேன். பீட்ரூட், கேரட் துருவல் வைத்து, இரண்டு சட்னி தடவி, மேலே இன்னொரு தட்டுவடையை மூடித் தருவார். காரம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். பதில் சொல்லிவிட்டு, நின்று சாப்பிட்டுவிட்டு, அப்புறம் பட்டறைக்குப் போவேன்.